இரண்டும் ஒன்றுதான் என்று ஒத்துக்கொள்ளாதவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆங்கில நாளிதழில், கைக்காசைக் கொடுத்து, நான் சிறுபிள்ளைத்தனமானவன் என்று ஊர் முழுவதற்கும் அறிவித்தவன் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு நானே எழுதிக்கொண்ட 'மணமகள் தேவை' விளம்பரம் அது. குழந்தை உள்ளம் படைத்தவன் என்று சொல்ல நினைத்து 'சைல்டிஷ் ஹார்ட்' என்று எழுதிவிட்டேன். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை என்பதை அதற்கு அடுத்தபடியே போட்டிருந்தேன். பதில் ஒன்றே ஒன்று வந்தது. கோபாலபுரத்தில் புதிதாகத் திறந்த ஒரு நர்சரி பள்ளி, சேர்க்கை நடப்பதாகத் தெரிவித்திருந்தது. அது தற்செயலாக வந்த சுற்றறிக்கை என்று இன்றுவரை நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை அலுவலக மாடிப்படி ஏறியதும், கவுன்டரில் இருந்த அம்மாள் தலை நிமிராமலே கேட்டார்.

"அந்த சைல்டிஷ் நீங்கதானே?"

"எந்த சைல்டிஷ்?"

"பம்புசெட் பத்திரிகைல துணை ஆசிரியர்னு போட்டிருக்கு. ஊருக்கே ஒரு பம்புசெட் பத்திரிகைதான். அதுக்கு ஒரு துணை ஆசிரியர்தான்."

மறுக்க வழியில்லை. அவர் மேஜைமேல் இருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை இடப்பக்கம் நகர்த்தினார். தேதி முத்திரைக் கட்டையை எடுத்து வலப்பக்கம் வைத்தார்.

"இது சைல்ட்லைக். கொழந்தை மாதிரி மனசு. இது சைல்டிஷ். கொழந்தை மாதிரி அடம். நீங்க எது?"

நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

"செரி, போட்டது போட்டபடியே இருக்கட்டும்" என்றார்.

மெட்ராஸ் இன்னும் சென்னையாகாத காலம். மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு மேல் எங்கள் மாடி. முன்பக்கம், நாளிதழ்களுக்கு வரிவிளம்பரம் வாங்கி அனுப்பும் ஏஜென்சி. பின்பக்கம், ஒரு பிளைவுட் தட்டிக்கு அப்பால், பம்புசெட் வியாபாரிகளுக்கான எங்கள் மாதப் பத்திரிகை. பம்புசெட்டைப் பற்றி ஒரு மாதத்தில் புதிதாக எழுத அதிகம் இருக்காது. மிச்சமிருந்த நேரமெல்லாம் என் காது தட்டியின்மேல்தான் இருந்தது.

அந்த அம்மாளை எல்லோரும் மேடம் என்றார்கள். நானும் மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை. ஆண்கள் கட்டுகிற அகலமான கைக்கடிகாரம். மெட்ராஸ் அவருடைய திருநெல்வேலிப் பேச்சில் ஒரு கீறலும் போட்டிருக்கவில்லை. தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் முதலில் அவரைக் கடையில்தான் உட்கார வைத்தார்களாம். ரோஸ் கலரில் புடவை கேட்டு வந்தவர்களை "ரோஸா, பிங்க்கா?" என்று கேட்டுக்கேட்டு எதிர்க்கடைக்கு அனுப்பி வைத்தார் என்று எங்கள் மாடியில் ஒரு கதை உண்டு. அவரிடம் விசாரித்தேன். "எதிர்க்கடையிலயும் பிங்க்தான் இருந்துச்சு" என்றார்.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒன்று என்று விட்டுவிட அவரால் முடியாது. இதுதான் அவர். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

கல்யாண விளம்பரத்தின் ஆங்கிலம் என்று ஒன்று தனியாக உண்டு. உலகத்தில் வேறெங்கும் அது செல்லாது. பையன் வீட்டார் எல்லோருடைய பையனும் 'சின்சியர்', 'ஆனஸ்ட்'. பெண் வீட்டார் எல்லோருடைய பெண்ணும் 'ஸ்லிம்', 'ஹோம்லி'. சொல்லுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற தொழில் ஆகையால் முதலாளிக்கு இதில் ஆட்சேபம் கிடையாது. மேடத்துக்கு இருந்தது. பேப்பர்வெயிட் ஒரு பக்கம் போகும், முத்திரைக் கட்டை மறுபக்கம் போகும், வந்தவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

"எங்காத்துப் பையன் ஆனஸ்ட், சின்சியர். ரெண்டையும் போட்டுடுங்கோ" என்றார் ஒரு மாமி.

"ரெண்டும் வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா பொறவு எதுக்கு ரெண்டு வச்சிருக்கான்? ஆனஸ்ட்னா பொய் சொல்ல மாட்டான். சின்சியர்னா பொய்யையும் மனசாரச் சொல்லுவான். ஒங்க பையன் எது?"

மாமி நீண்ட நேரம் யோசித்தார். "சின்சியர் மட்டும் இருக்கட்டும்" என்றார்.

இன்னொருவர் 'டீசண்ட் மேரேஜ்' என்று எழுதிக்கொண்டு வந்தார். மேடம் கேட்டார்: "சிம்பிளா, டீசண்டா?"

"என்னம்மா வித்தியாசம்?"

"சிம்பிள்னா ஒண்ணும் வேண்டாம்னு அர்த்தம். டீசண்ட்னா என்ன வேணும்னு நேர்ல சொல்லுதேன்னு அர்த்தம்."

வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீசண்டே இருக்கட்டும்" என்றார். மேடம் அப்படியே எழுதிக்கொண்டார். அவருக்கு யாரையும் திருத்த வேண்டும் என்ற ஆசை இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. நீங்கள் எது என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய விளக்கங்கள் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். சாப்பாடு இருந்தும் சாப்பிடாதவள் 'ஸ்லிம்', காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் 'தின்' என்பது அவருடைய கட்சி. நான் அகராதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதை எழுதினவர் பொண்ணு பாக்கப் போனதில்ல" என்று மூடி வைத்துவிட்டார்.

அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது மாடியில் யாருக்கும் தெரியாது. கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, அதன் நுனி ரவிக்கைக்குள். ஊர் முழுவதற்கும் வரன் தேடிக்கொடுப்பவரின் கதை தெரியாமல் எனக்குப் பம்புசெட் ஓடவில்லை. ஒருநாள் கவுன்டருக்கு எதிரே பேனாவைத் தவறவிட்டு, எடுக்கக் குனிந்து, காலில் மெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"என்ன தேடுதீங்க? பேனாவா, மெட்டியா?"

"பேனாதான்."

"பேனா ஒங்க கையிலதான் இருக்கு." நான் எழுவதற்குள் பேப்பர்வெயிட்டும் கட்டையும் இடம் மாறியிருந்தன. "க்யூரியஸ்னா தெரிஞ்சுக்கிட ஆசை. இன்க்விசிட்டிவ்னா அடுத்தவன் வீட்டு ஜன்னல். நீங்க எது?"

அன்றைக்கும் யோசித்தேன். மெட்டியைப் பற்றி இன்றுவரை தெரியாது. அவர் பாதத்தின்மேல் புடவைக் கரை இருந்தது.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே கவுன்டர்தான். 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம், "லைசென்ஸ்தான் எக்ஸ்பயர் ஆகும், மனுசன் ஆக மாட்டான்" என்பார். பெரும்பாலும் அது எடுபடும். ஒருநாள் எடுபடவில்லை. ராயப்பேட்டையில் மோட்டார் உதிரிபாகம் விற்கிற ஒருவர், முந்தின நாள் இறந்த தகப்பனாரின் படத்தோடு வந்து நின்றார். சட்டையில் மாலைப்பூவின் இதழ் ஒட்டியிருந்தது. துக்கம் என்ற இடத்தில் 'சாரோ' என்று போடுவதா 'க்ரீஃப்' என்று போடுவதா என்று மேடம் ஆரம்பித்தார். வழக்கமான இரண்டு பொருள்களும் நகர்ந்தன.

அந்த மனிதர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னா மேடம், நைனா பூட்டாரு. எனுக்கு அழுவ அழுவயா வர்து. அது இன்னா வார்த்தன்னு நீ கேட்டுக்கினு கீற."

மேடம் பேப்பர்வெயிட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கட்டையை மேஜையிழுப்பறைக்குள் வைத்தார். தன் தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் தள்ளினார். தானே எழுதி, தானே ஒருமுறை படித்துக்காட்டி அனுப்பிவைத்தார். அன்று மாலை நான் வீட்டுக்குக் கிளம்பும்போது, "அந்த ஆள் சொன்னதுதான் சரி" என்றார். "அழுகை வருதுங்கறதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்ல. அழுதான்னு இருக்கு. அழப்போறான்னு இருக்கு. வருதுன்னு இல்ல." அப்போதும் அவர் முகத்தில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் கூடுதலாக இருந்தது. எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பயம் இருந்தும் என் அப்பாவை அவர் கவுன்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்றால், அதற்குக் காரணம் என் அக்கா.

அக்காவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. வங்கியில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து ஒரு பெட்டியோடு மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கோர்ட்டில் விவாகரத்தும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். சொந்தத்தின் வழியாக வந்த வரன்கள் எல்லாம், 'யோசித்துச் சொல்கிறோம்' என்று போய் யோசித்துக்கொண்டே இருந்தன. விளம்பரம் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கே அப்பா மாதக்கணக்கில் இழுத்தார். "இதுதான் கடைசி. இதுக்கும் வரலன்னா இந்தப் பேச்சை விட்டுடுவோம்" என்று சொல்லித்தான் கிளம்பினார். அக்காவும் வந்தாள். ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு, "என்னைப் பத்தித்தானே" என்றாள்.

அப்பா தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'இன்னசென்ட் டைவர்ஸி, ஃபேர், ஸ்லிம், ஹோம்லி, சாஃப்ட் ஸ்போக்கன்.' அந்த நாளில் விளம்பரப் பக்கத்தில் விவாகரத்தான பெண்கள் அத்தனை பேருமே 'இன்னசென்ட் டைவர்ஸி'தான். தப்பு எங்கள் பெண் பேரில் இல்லை என்று அர்த்தம்.

மேடத்தின் கை பேப்பர்வெயிட்டை நோக்கிப் போனது.

"ஸார், இன்னசென்ட்னு எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"எல்லாரும் அப்படித்தானம்மா போடறாங்க."

"இன்னசென்ட்னா, குத்தம் சாட்டி, விசாரிச்சு, ஒண்ணும் இல்லன்னு விட்டவுக. ஒங்க பொண்ணு மேல யாரு கேஸ் போட்டா?"

"இவ மேல எவன் போடுவான்? கேஸ் போட்டதே இவதான்."

சொல்லிவிட்டு அப்பா நின்றார். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக்குள் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னது அப்பாவின் வாய், அதுவும் ஒரு பாத்திரக்கடை மாடியில்.

மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்களாத்தான் வந்தீங்களா?"

"நானாத்தான் வந்தேன்."

"அடிச்சாரோ?"

"சேச்சே. பேச மாட்டார். உப்பு வேணும்னாக்கூட கேக்க மாட்டார், எழுந்துபோய் எடுத்துப்பார். ஏதாவது கோபமான்னு கேட்டா அதுக்கும் பதில் வராது."

"இதெல்லாம் கவுன்டர்ல வெச்சுப் பேசற விஷயமா?" என்றார் அப்பா. உள்ளறையிலிருந்து முதலாளி, "பார்ட்டி சொல்றதைப் போடும்மா" என்று குரல் கொடுத்தார்.

"போடுதேன் ஸார். என்ன போடணும்னுதானே கேக்கேன்."

அப்பா காகிதத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். தெருவுக்கு வந்ததும், "அந்தப் பொம்பளை வக்கீலா, டைப்பிஸ்டா?" என்று என்னைக் கேட்டார். எந்தப் பதிலுக்கும் ஒரு பேப்பர்வெயிட் இருக்கிறது என்ற நிலைக்கு நானும் வந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வங்கி அரைநாள். அக்கா யாரிடமும் சொல்லாமல் தனியாக மாடியேறி வந்துவிட்டாள். நான் தட்டிக்கு இந்தப்பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா நினைவிலிருந்து சொல்லச்சொல்ல, இருவருமாக அப்பாவின் விளம்பரத்தை உரித்தார்கள். 'இன்னசென்ட்' போயிற்று. 'ஃபேர்' வேண்டாம் என்றாள் அக்கா, வருகிறவருக்குக் கண் இருக்குமே என்று. 'ஹோம்லி'யா 'டொமஸ்டிக்'கா என்று மேடம் கேட்டதற்கு, இரண்டும் இல்லை, எனக்கு ரசம் வைக்க வராது என்றாள். கடைசியில் வயது, உயரம், வேலை, விவாகரத்து ஆனவர், அடுத்து தொலைபேசி எண். அவ்வளவுதான் மிஞ்சியது.

"ரேசன் கார்டு மாதிரி இருக்கே" என்றார் மேடம். "ஒரு வார்த்தையாச்சும் போடுங்க. ஒங்களப் பத்தி."

அக்கா பேனாவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "ஹாப்பின்னு போடலாமா?"

பேப்பர்வெயிட் நகர்கிற ஓசை. "ஹாப்பின்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். காரணம் போனா அதுவும் போயிரும். சியர்ஃபுல்னா சுபாவம். எது நீங்க?"

"சியர்ஃபுல்."

"பாத்தா தெரியலியே."

அக்கா சிரித்தாள். சின்ன வயதில் தரையில் உருண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. தட்டி அதிர்ந்தது. அவள் பெட்டியோடு வந்து இறங்கிய பிறகு அதை நான் கேட்டதில்லை.

"செரி, இப்பத் தெரியுது" என்று சொல்லி மேடம் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "விவாகரத்து ஆனவ சந்தோஷமா இருக்கான்னு யாராவது பேப்பர்ல போடுவாங்களா? ஒப்புக்காவது கொஞ்சம் வருத்தம் வேணாம்?"

அம்மா அடுப்படியிலிருந்து, "வருத்தமா இருக்கறவளை எவன் கட்டிப்பான்? அழுமூஞ்சின்னு நினைப்பான்" என்றாள். அக்கா காபியைக் குடித்துவிட்டு, துணி துவைக்கப் போய்விட்டாள். ஆனால் அன்று முழுவதும் தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம், குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

முதலில் பேசிய ஒருவர் வங்கியில் கடன் கிடைக்குமா என்று விசாரித்தார். அடுத்து ஒரு பெண்மணி, "அப்படி என்னங்க சியர்ஃபுல்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதன்பிறகு யாரும் அழைக்கவில்லை. அப்பா ஜெயித்துவிட்டார், ஆனால் முகம் ஜெயித்தவரின் முகம் மாதிரி இல்லை. மேடம் தினமும் காலையில், நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "வந்துச்சா?" என்பார். வேறு யாருடைய விளம்பரத்துக்கும் அவர் அப்படிக் கேட்டதில்லை. "இல்ல" என்பேன். தலையைக் குனிந்துகொள்வார்.

அந்த வாரக் கடைசியில் ஆதம்பாக்கத்தில் ஒரு போன் பூத்திலிருந்து அழைப்பு வந்தது. தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவர். மனைவி இறந்துவிட்டார், குழந்தை இல்லை. அப்பா முதலில் ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னார், அப்புறம் உட்கார்ந்துகொண்டு பேசினார், அப்புறம் அக்காவிடம் கொடுத்தார்.

பஜ்ஜி சொஜ்ஜி வேண்டாம், பெசன்ட் நகர் கடற்கரையில் பார்க்கிறேன் என்றாள் அக்கா. காவலுக்கு நான். ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் சுண்டல்காரரிடம் மாங்காய் புளிக்குமா, உப்பு சரியாக இருக்குமா, காரம் எவ்வளவு என்று விசாரித்தார். அக்காவிடம் ஒவ்வொன்றையும் கேட்டார். பொட்டலம் கைக்கு வந்த பிறகும் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா சுண்டலைத் தொடவில்லை. அவர் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது கல்யாணத்தில்தான் முடியும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

நிச்சயமான செய்தியைச் சொன்னதும் மேடம் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்தார். மறுபடி கட்டினார். "எந்த வார்த்தைக்கு வந்தாராம்?" என்றார்.

"கேக்கலையே."

"எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கேன். கல்யாணம் ஆனவுக ஒருத்தராச்சும் இந்தப் படிய மறுபடி ஏறினதில்ல. எந்த வார்த்தை வேலை செஞ்சுதுன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது." கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தெரியாமலே ரிட்டையர் ஆயிருவேன் போலுக்கு" என்றார்.

விளம்பரம் கொடுத்துத்தான் வரன் அமைந்தது என்பதை அப்போதெல்லாம் யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. தெரிந்தவர் மூலமாக வந்தது என்பார்கள். கவுன்டரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆனால் மேடம் சொன்னதை என்னிடம் கேட்டிருந்த அக்கா, கல்யாணம் முடிந்த வாரமே புருஷனையும் ஒரு டப்பா மைசூர்பாகையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நானும் தட்டியைவிட்டு வெளியே வந்து நின்றேன்.

மேடம் என் புது மாமாவை நாற்காலியில் உட்காரவைத்தார். பேப்பர்வெயிட்டையும் கட்டையையும் எடுத்து ஓரமாக வைத்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்த விளம்பரத்துல எந்த வார்த்தைக்கு வந்தீங்க?"

மாமா கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். "அந்த... சியர்ஃபுல்தாங்க" என்றார்.

நான் பார்த்திருந்த மேடத்தின் முகங்களில் அப்போது வந்த முகம் கிடையாது. உள்ளறைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த முதலாளியை எழுப்பி, "ஸார், சியர்ஃபுல்லுக்குத்தானாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு மைசூர்பாகை ஒரு துண்டு எடுத்துக் கடித்தார். அவர் அலுவலகத்தில் எதையும் தின்று நான் பார்த்ததில்லை.

கீழே வந்ததும் அக்கா பாத்திரக்கடைக்குள் நுழைந்தாள். மாமாவும் நானும் வாசலில் நின்றோம்.

"ஒரு வார்த்தை என்ன வேலை பண்ணியிருக்கு பாருங்க மாமா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார். "ஒங்க அக்கா பஸ்ஸுலயே சொல்லிட்டா, என்ன கேட்டாலும் சியர்ஃபுல்னு சொல்லுங்கன்னு."

"அப்ப எதைப் பாத்து போன் பண்ணீங்க?"

"அன்னிக்கு என் கண்ணாடி ரிப்பேர்ல இருந்துது மச்சான். அந்தப் பக்கத்துலயே அதுதான் சின்ன விளம்பரம். தலைவலி வராம போன் நம்பர் வரைக்கும் போய்ச் சேர முடிஞ்சது அது ஒண்ணுலதான்."